காசிமேடு முதல் பழவேற்காடு வரை: கரை மாற்றமும் பங்குனி ஆமையின் மணலும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வடசென்னைக் கரையில் ஆமைத் தடம் தேடி நடப்பவர்கள், செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கல்லூரி ஆய்வு செய்பவர்கள், குப்பத்து இளைஞர்கள், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசத் தயாராகிறவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) உண்மையிலேயே அழியும் நிலையில் இருக்கிறதா?

ஐயூசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) செம்பட்டியலில் அது 'பாதிக்கப்படக்கூடியது' என்ற வகையில் இருக்கிறது. 'அருகிவருவது' என்ற வகைக்கு ஒரு படி கீழே. இந்தியச் சட்டத்தில் அந்தப் படி வேறுபாடு கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே இடத்தில் ஆமையும் இருக்கிறது. முட்டையை எடுத்தாலும் குற்றம்தான். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அறிக்கை எழுதும்போது இந்த இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். ஒன்றை மற்றொன்றாக எழுதினால், எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

நிலப்பரப்பு மாற்றம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு இடத்தின் மேற்பரப்பை மூடியிருப்பது மாறுவது. மணல் கருங்கல்லாவது, உப்பளம் சாம்பல் குளமாவது, மணல்மேடு சவுக்குத் தோப்பாவது, சதுப்பு கொள்கலன் முனையமாவது. வகை மாறினால் வரைபடத்தில் நிறம் மாறும். எத்தனை ஹெக்டேர் என்று கணக்கெடுத்துவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், வரைபடத்தின் மணலும் ஆமையின் மணலும் ஒன்றல்ல. பகலில் எடுத்த படத்தில் 'மணல்' என்று வரும் ஒரு கரை, இரவில் எல்இடி வெளிச்சத்தில் குளித்துக்கொண்டிருக்கலாம். ஓதம் (கடல் நீர்மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம்) ஏறினால் முழுக்க நனையலாம். இரண்டடி மணலுக்குக் கீழே கொட்டிய கல் கிடக்கலாம். இவற்றில் எதுவுமே படத்தில் நிறம் மாற்றாது. வடசென்னைக் கரையில் ஆமை இழந்த இடத்தை வகை மாற்றத்தை மட்டும் வைத்து அளந்தால் கணக்கு குறைவாகவே வரும். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த இடைவெளியைப் பற்றியவைதான்.

அப்படியானால் ஆமைக்கு என்ன மாதிரி மணல் வேண்டும்?

பெட்டை ஆமை இரவில் கரையேறி, பின் துடுப்புகளால் குடுவை வடிவில் சுமார் 45 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறிலிருந்து நூற்றிருபது முட்டை வரை இட்டு, மூடி, உடம்பால் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். முட்டைகள் பொரிய 45 முதல் 60 நாள். சென்னைக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடும் காலம். குஞ்சு வெளியேறுவது மே வரை போகும்.

இதற்குத் தேவையானவை: குழியின் அடிமட்டம் உயர் ஓத நீருக்கு எட்டாத உயரம், தோண்டினால் சரிந்து விழாத, அதேசமயம் காற்று புகும் பரும மணல், வேர் இல்லாத இடம், இருட்டு, கடலிலிருந்து மேட்டுக்குத் தடையில்லாத வழி. நடைமுறைக் கணக்கு ஒன்று: கூட்டின் அடி 45 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதால், மணல்மட்டம் உயர் ஓத மட்டத்தைவிட ஒரு மீட்டராவது மேலே இருந்தால் நம்பலாம். அரை மீட்டர் என்றால் ஒரு பெரிய அமாவாசை ஓதத்தில் முட்டைகள் மூச்சுத்திணறிப் போகும். முட்டை ஓட்டின் வழியேதான் கரு சுவாசிக்கிறது. மணலின் இடுக்கில் தண்ணீர் நின்றால் கதை முடிந்தது.

மணலின் சூடும் கணக்கில் உண்டு. சுமார் 29–30 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். அதைவிடக் குளிர்ந்தால் ஆண் அதிகம், சூடானால் பெண் அதிகம். 34 டிகிரியைத் தாண்டி நீடித்தால் கருவே சாகத் தொடங்கும்.

வடசென்னையின் மணல் எங்கே போனது?

தெற்கே நின்றுவிட்டது. சோழமண்டலக் கரையில் ஆண்டில் பெரும்பகுதி நீரோட்டமும் அலையும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். மீனவர்கள் 'தெண்டி' என்று சொல்லும் ஓட்டம் அது. வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் திசை திரும்பினாலும், மொத்தக் கணக்கில் வடக்கே போகும் மணல்தான் அதிகம். 1870களில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கியதும் இந்த மணல் ஓட்டம் மறிக்கப்பட்டது. தெற்குப் பக்கம் தேங்கியது இன்றைய மெரினா. வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வரிசையாகக் கரை பசித்தது. மெரினாவில் பட்டம் விடுகிறவர் கால் வைத்திருப்பது திருவொற்றியூருக்குப் போயிருக்க வேண்டிய மணலில் என்று சொன்னால் பெரிய மிகையில்லை.

அதே கதை வடக்கே மறுபடியும் நடந்தது. எண்ணூரில் இன்றைய காமராஜர் துறைமுகம் 2001இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் அடுத்த பத்தாண்டில் வந்தது. ஒவ்வொரு சுவரின் தெற்கிலும் மணல் சேர்ந்தது, வடக்கில் அரித்தது. தெற்கே சேர்ந்த மணல் எண்ணூர் முகத்துவாரத்தை அடைக்கப் பார்க்கிறது. வடக்கே, காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் உப்பங்கழியுமாக இருக்கிற மணல் திட்டு மெலிகிறது. இந்த மெலிந்த திட்டில்தான் காளாஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம் போன்ற ஊர்கள் இருக்கின்றன. ஆமைக்கு இருட்டும் மேடும் சேர்ந்து மிச்சமிருப்பதும் இங்கேதான்.

கரையில் கல் கொட்டினால் ஆமைக்கு என்ன ஆகும்?

மூன்று விதத்தில் பாதிக்கும். முதலாவது, ஏற வந்த ஆமை கல்லில் முட்டித் திரும்பும். முட்டையிடாமல் திரும்பியதன் அடையாளம் வெறுந்தடம்: ஏறிய தடமும் இறங்கிய தடமும் இருக்கும், நடுவே மணல் கிளறிய குழி இருக்காது. இரண்டாவது, கல்லுக்கும் தண்ணீருக்கும் இடையே கிடைத்த ஈர மணலிலேயே இட்டுவிட்டுப் போகும்; அது அடுத்த ஓதத்தில் அழியும். மூன்றாவது, கல்லில் மோதித் திரும்பும் அலை அடிவாரத்து மணலையும் இழுத்துக்கொண்டு போவதால், சுவருக்கு முன்னால் இருந்த கொஞ்சக் கரையும் சில பருவங்களில் காணாமல் போகும். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிப் பல இடங்களில் அலை நேராகக் கல்லிலேயே அடிப்பது இதனால்தான்.

தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்சுவர்கள், கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டு வளைவுகளுக்கு நடுவே சிறு மணல்கரை பிறை போலச் சேரும். அங்கே ஆமை ஏற இடம் உண்டு. ஆனால் பிறையின் தென் பாதியும் வட பாதியும் ஒரே அகலத்தில் இருக்காது, பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். வலையும் படகும் நிற்பதும் அங்கேதான். கடைசி வளைவுக்கு வடக்கே அரிப்பு கூடும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கல்லே கூடாது என்று சொல்வது திருவொற்றியூரில் வீட்டுவாசலில் அலை அடிக்கும் குடும்பத்திடம் எடுபடாது, எடுபடவும் கூடாது. கல் ஏற்கெனவே உள்ள இடத்தில் வாதாடுவதைவிட, இன்னும் கல் விழாத இடத்தை முதலில் பதிவு செய்வது பயன் தரும்.

இங்கே இடமில்லையென்றால் வேறு கரைக்குப் போய்விடாதா?

போகும், ஓரளவுக்கு. பங்குனி ஆமை ஒரே கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இனம் இல்லை. பக்கத்துக் கரைகளில் முயன்று பார்க்கும். ஆனால் ஒவ்வொரு வெறும் ஏற்றமும் அதன் உடல் வலுவைத் தின்கிறது. அந்தக் கரைக்கு முன்னால்தான் இழுவலைப் படகுகளும் திரிகின்றன. அலைந்து திரியும் ஒவ்வொரு இரவும் வலையில் சிக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இன்னொன்று: குஞ்சு முதிர்ந்து முட்டையிட வரப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். இந்த ஆண்டு கூடு நிறைய இருக்கிறது என்றால் அது பழைய கரை தந்த பலன். கரை போனதன் விளைவு கூட்டு எண்ணிக்கையில் தெரிய நாளாகும்.

2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதே, அதற்கும் கரை மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. மூச்சுவிட மேலே வர முடியாமல் இழுவலையில் மூழ்கிச் சாவது கடலில் நடக்கும் சங்கதி. தீர்வும் கடலிலேயே, அதாவது விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை போடாதிருப்பதிலும் வலையில் ஆமை தப்பும் அமைப்பு பொருத்துவதிலும் இருக்கிறது. வாழிட ஆய்வில் செத்து ஒதுங்கிய ஆமைகளின் எண்ணிக்கையைச் சேர்க்காதீர்கள். ஒதுங்கும் இடத்தைக் காற்றும் நீரோட்டமும் தீர்மானிக்கின்றன. அது முட்டையிடும் இடத்தைக் காட்டாது.

சவுக்கு நட்டால் கரைக்கு நல்லதுதானே?

காற்றை மறிக்கும், ஊருக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் நட்டார்கள். ஓத எல்லையிலிருந்து நன்றாகத் தள்ளி நட்டால் ஊர் விளக்கை மறைக்கும் திரையாகக்கூட உதவும். ஓத எல்லைக்குக் கிட்டே நட்டால் நிழல் மணலைக் குளிர்விக்கும், வேர் குழி தோண்ட விடாது, உதிர்ந்த சருகு மெத்தை போலப் படிந்து மணலில் படரும் செடிகளை அமுக்கிவிடும். மணலைப் பிடித்து மேடாக்குவது அடப்பங்கொடியும் ராவணன் மீசையும்தான். இரண்டையும் பிடுங்கிவிட்டுச் சவுக்கு நடுவது, கரை காக்கும் ஆளை விரட்டிவிட்டு நிழலுக்கு ஆள் வைப்பது போல.

வரைபடத்தில் இது 'தரிசு மணல், காடாக மாறியது' என்று பச்சையில் வரும். பசுமைப் பரப்பு கூடியதாகக் கணக்கு சொல்லும்.

விளக்கு எந்த அளவுக்குத் தொந்தரவு?

முட்டையிட வரும் தாய் வெளிச்சமான கரையைத் தவிர்க்கும். குஞ்சுகளின் நிலை இன்னும் மோசம்: இருட்டில் கடல் மேலுள்ள வானம்தான் பளிச்சென்று இருக்கும், அதை நோக்கி ஓடுவது அவற்றின் இயல்பு. சாலை விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால் சாலைக்கு ஓடி, நாய்க்கும் காக்கைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாகும். நீலம் கலந்த வெள்ளை எல்இடி மிகவும் மோசம். செம்மஞ்சள் விளக்கு குறைவாக ஈர்க்கும்.

கருவி இல்லாமல் சோதிக்க: நிலா இல்லாத இரவில், கூடு வரக்கூடிய இடத்தில் மணலில் குப்புறப் படுத்துக் கண்ணைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துப் பாருங்கள். விளக்கின் பல்பு நேராகத் தெரிந்தால் அது குஞ்சுக்கும் தெரியும். எழுந்து நின்றால் உங்கள் நிழல் மணலில் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் அந்த விளக்குக்கு மூடி போட வேண்டும், அல்லது முகத்தைத் திருப்ப வேண்டும், அல்லது ஜனவரி முதல் மே வரை இரவு பதினொன்றுக்கு மேல் அணைக்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் கேட்டால் பெரும்பாலும் மூன்றாவதற்கே ஒப்புவார்கள்.

செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கரை மாற்றத்தை எப்படி அளப்பது?

இலவசமாகக் கிடைக்கும் இரண்டு போதும். லேண்ட்சாட் 5 தொடங்கி 1984 முதலான படங்கள், ஒரு பிக்சல் 30 மீட்டர். சென்டினல்-2, 2015 முதல், 10 மீட்டர். முப்பது நாற்பது ஆண்டு மாற்றத்துக்கு லேண்ட்சாட், அண்மை ஆண்டுகளுக்கு சென்டினல்.

ஒரே மாதத்துப் படங்களை எடுங்கள், அதுவும் பிப்ரவரி அல்லது மார்ச். மேகம் குறைவு, முட்டையிடும் காலமும் அதுவே. பருவம் கலந்து எடுத்தால் வரும் தப்பு பெரியது: வடகிழக்குப் பருவத்தில் பொதுவாகக் கரை வெட்டுப்பட்டுச் செங்குத்து மணல் மதிலாக நிற்கும், கோடையில் மெதுவாக நிரம்பும். ஒரு ஆண்டின் டிசம்பரையும் இன்னொரு ஆண்டின் ஆகஸ்டையும் ஒப்பிட்டால் இல்லாத அரிப்பும் வரும், இருக்கும் அரிப்பு மறையவும் செய்யும். ஆமை வருவது கரை மெலிந்து கிடக்கும் பருவத்தை ஒட்டித்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து ஓதம். இந்தச் செயற்கைக்கோள்கள் சென்னைக்கு மேலே காலை பத்தரை மணியை ஒட்டிக் கடக்கும். அந்த நாளின் அந்த நேரத்து ஓத உயரத்தை அட்டவணையில் பாருங்கள். கணக்கு எளிது: கரைச் சரிவு பத்துக்கு ஒன்று என்றால், அரை மீட்டர் ஓத வேறுபாடு நீர்க்கோட்டை ஐந்து மீட்டர் நகர்த்தும். இருபதுக்கு ஒன்று என்றால் பத்து மீட்டர், சென்டினலின் ஒரு முழு பிக்சல். ஓதத்தைத் திருத்தாமல் 'ஐந்து ஆண்டில் பத்து மீட்டர் அரிப்பு' என்று எழுதினால் அது வெறும் ஓதமாகவே இருக்கலாம்.

பிறகு நீரையும் நிலத்தையும் பிரித்துக் கோடு எடுங்கள். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கரைக்குச் செங்குத்தாக ஒரு வெட்டுக்கோடு போட்டு, அதில் நீர்க்கோடு ஆண்டுதோறும் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். இரண்டு தேதிகளை வைத்துப் போக்கு சொல்லாதீர்கள். ஐந்தாறு தேதியாவது வேண்டும், அவற்றில் மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரை அடுத்த படத்தைத் தனியாகக் குறித்துவையுங்கள். தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தின் கரைமாற்ற வரைபடங்களோடு உங்கள் முடிவைப் பொருத்திப் பாருங்கள்.

இந்தப் பகுதியில் படம் எங்கே ஏமாற்றும்?

முக்கியமாக நான்கு இடத்தில். அனல்மின் நிலையச் சாம்பல் காய்ந்திருந்தால் மணல் அல்லது தரிசு போலவும், நனைந்திருந்தால் சேற்றுநிலம் அல்லது நீர் போலவும் தெரியும். வகைப்பாட்டு மென்பொருள் சாம்பல் குளத்தைச் 'சதுப்பு' என்று போட்டால், அழிந்த சதுப்பு மறுபடி முளைத்த மாதிரி இருக்கும். எண்ணூரை அடுத்த செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளங்களைக் கையாலேயே வரைந்து தனி வகையாக்கிவிடுங்கள். அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கத்து உப்பளங்கள் ஒரு மாதம் நீர், ஒரு மாதம் வெள்ளைத் தரை. அலை நுரை பளிச்சென்று இருப்பதால் மணலோடு சேர்ந்துவிடும். நான்காவது கொட்டிய கல்: 30 மீட்டர் படத்தில் ஏழெட்டு மீட்டர் அகலக் கல்வரிசை தெரியவே தெரியாது, மணலோடு கலந்து ஒரே சாம்பல் நிறமாக வரும். கூகுள் எர்த்தின் பழைய படங்களில் கண்ணால் பார்த்துக் கோடு போடுவது மட்டுமே வழி.

தரையில் என்ன அளக்க வேண்டும்?

500 மீட்டருக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஓதம் விட்டுப்போன குப்பைக் கோட்டிலிருந்து கல், செடி அல்லது சுவரின் விளிம்பு வரை டேப்பால் அகலம் அளக்கவும். இதுதான் ஆமைக்குக் கிடைக்கிற காய்ந்த மணல். பிறகு சரிவு. அதற்கு விலையுள்ள கருவி தேவையில்லை: சென்டிமீட்டர் குறி போட்ட ஒன்றரை மீட்டர் கம்பு இரண்டு, நடுவே இரண்டு மீட்டர் கயிறு. மேட்டுக் கம்பின் அருகே நின்று கடல் பக்கம் பாருங்கள். அடிவானமும் கீழ்க் கம்பின் உச்சியும் ஒரே கோட்டில் தெரியும் வரை கண்ணை இறக்குங்கள். அந்தக் கோடு மேட்டுக் கம்பில் உச்சியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே வெட்டுகிறதோ, அதுதான் இந்த இரண்டு மீட்டரில் உள்ள இறக்கம். இப்படியே நீர் வரை. கம்பு மணலுக்குள் புதையாமல் அடியில் ஒரு பலகைத் துண்டு கட்டுங்கள். புதைந்தால் மொத்த அளவும் தப்பு. கிழக்கு நோக்கிய கரையாதலால் நமக்கு அடிவானத்துக்குக் குறைவில்லை, காலை மூடுபனி இல்லாமல் இருந்தால் சரி.

தடம் தேடுவது விடிவதற்கு முன். டிராக்டர் படகை இழுக்க வந்துவிட்டால் தடம் இருக்காது. பங்குனி ஆமைத் தடம் 70–80 சென்டிமீட்டர் அகலம், இடது வலது துடுப்புக் குறிகள் மாறி மாறி விழும். ஏற்றத் தடம், இறக்கத் தடம், குழி உண்டா இல்லையா, குப்பைக் கோட்டிலிருந்து தூரம், என்ன தடையில் திரும்பியது, இவற்றை ஒரே வரியில் ஆயத்தொலையோடு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு) எழுதுங்கள். வெறுந்தடத்தைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. வாழிடக் கணக்கில் கூட்டைவிட அதிகம் பேசுவது வெறுந்தடம்: ஆமை வந்தது, கரை அதைத் திருப்பி அனுப்பியது என்பதற்கு அது சாட்சி.

கூடு ஆபத்தான இடத்தில் இருந்தால் முட்டையை நாங்களே மாற்றலாமா?

கூடாது. வனத்துறை அனுமதி பெற்றவர்கள் மட்டுமே. சட்டம் ஒருபுறம் இருக்க, முட்டையிட்டுச் சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் உருட்டினால் அறுந்து சாகும். மேல் எது கீழ் எது என்று தெரியாமல் பையில் அள்ளினால் நூறு முட்டையும் வீண். இடத்தைக் குறித்து, நாய் வராமல் ஆள் நிறுத்தி, உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

துறைமுகம் தூர்வாரிய மணலை அரித்த கரையில் கொட்டினால் போதாதா?

கல்லைவிட நல்லது. ஆனால் கொட்டியது எது என்று பார்க்க வேண்டும். களியும் சேறும் கலந்திருந்தால் காய்ந்ததும் இறுகும். ஆமையின் துடுப்பு தோண்டாது, காற்றும் புகாது. கைப்பிடி மணலைக் கண்ணாடிப் பாட்டிலில் கடல்நீரோடு குலுக்கி வையுங்கள்: நல்ல கரைமணல் ஒரு நிமிடத்துக்குள் படிந்து நீர் தெளியும். அரை மணி கழித்தும் கலங்கியே இருந்தால் அது கரைக்கு உதவாது. கொட்டும் வேலை டிசம்பருக்குள் முடிய வேண்டும்; நடுவில் கூடு வந்துவிட்டால் புல்டோசரின் அடியில் புதையும்.

இவ்வளவு பதிவும் யாருக்கு, எதற்கு?

2019 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில், ஆமை முட்டையிடும் இடங்கள் சதுப்புநிலக் காடு, மணல்மேடு, உயிர்வளமுள்ள சேற்றுநிலம் ஆகியவற்றோடு சேர்த்து மிக உயர்ந்த பாதுகாப்புள்ள 1ஏ வகையில் வைக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த வகை தானாக வராது. கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் அந்த இடம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வரைவு வெளியாகும்போது உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து, உயர் ஓதக் கோடு எங்கே ஓடுகிறது, ஆமை அடையாளம் இருக்கிறதா, கழி 'நிலம்' என்று போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேதி, ஆயத்தொலை, நிழற்படம் சேர்த்து எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 'இங்கே ஆமை வரும்' என்று வாயால் சொல்வது கூட்டக் குறிப்பில்கூட ஏறாமல் போகும். மூன்று பருவத்துத் தடப் பதிவேட்டை அப்படி ஒதுக்க முடியாது.

இதே முறையைப் பறவைகளுக்கும் பயன்படுத்தலாமா?

அப்படியே தூக்கிப் போட முடியாது. வலசை வரும் உள்ளான்களுக்கு வேண்டியது காய்ந்த மணல் இல்லை, ஓதம் வற்றும்போது வெளியே தெரியும் சேறு. அங்கே தாழ் ஓதப் படங்களைத்தான் எடுக்க வேண்டும். தென்கொரியாவின் சேமங்கும் விரிகுடாவில் 33 கிலோமீட்டர் கடற்சுவர் 2006இல் மூடப்பட்டபோது, 'கிரேட் நாட்' என்ற உள்ளானின் பெரிய இரைக்களம் ஒரேயடியாகப் போனது. இன்று அது ஐயூசிஎன் பட்டியலில் அருகிவரும் இனம். எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டிலும் சேற்றின் பரப்பை அளக்கிறவர்கள், சாம்பல் படிந்த சேற்றைத் தனியாகப் பிரித்தே அளக்க வேண்டும். படத்தில் இரண்டும் ஒரே நிறம். காலை வைத்துப் பார்த்தால், நல்ல சேற்றில் புழுத்துளையும் நண்டு வளையும் இருக்கும், சாம்பலில் கால் தடத்தைத் தவிர ஒன்றும் இருக்காது.